ஏழாம் நிரல்

படிவத்தில் முதல் ஆறு நிரலும் இலகு.
திகதி, வாகன இலக்கம், பிள்ளைகள் இருபத்திரண்டு.
போன இடம்: கடற்கரை, பிறகு நூதனசாலை.
சத்தியெடுத்தவர் ஒருவர், மிதுர்ஷன்,
பஸ் திரும்பிய முதலாம் வளைவிலேயே.
ஏழாவதில் பேனை நிற்கிறது.
'பெற்ற கற்றற்பேறு' என்று கேட்டுவிட்டு
தீப்பெட்டி அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

காலையில் உப்புவெளி மணலில்
இராவணன் மீசை உருண்டுகொண்டிருந்தது,
கச்சான் காற்றுக்குக் கால் முளைத்ததுபோல,
தரையிலிருந்து கடலைப் பார்க்க.
ஆளுக்கொரு முள்ளுப் பந்து பிடித்து
கோடு கீறி வைத்துவிட்டார்கள், ஓட்டப்போட்டி.
விதை பரவும் விதம் என்று தொடங்க
நான் வாய் திறக்குமுன்
இசுரு சொன்னான், இது தாடி.
அவன் வீட்டில் அப்படித்தான்.
மீசை, என்றாள் ஷிமாறா.
தாடி.
மீசை.
இராவணனைக் கேட்க வழியில்லை.
அதற்குள் இரண்டு பேரின் பந்தும் அலைக்குள் போயிற்று.

வென்றது றிஃப்கானுடையது.
அதில் ஒரு பக்கம் முள் முறிந்திருந்தது.
"முறிஞ்சதுதான் வேகமா ஓடும் ரீச்சர்."
பிழை என்று நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டு, இன்னொருக்கா விட்டுப் பார், என்றேன்.
ஒன்பது தரம் விட்டான்.
ஐந்தில் தோற்றான்.
வெயில் ஏறி, பஸ்காரர் ஹோன் அடிக்க,
மணல் ஒட்டிய முகத்தோடு வந்து
"சிலவேளை" என்றான்.
அந்த ஒரு சொல்லை
ஏழாம் நிரலில் எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா?

நூதனசாலைக்குள் பழஞ்சுவரின் குளிர்.
தொடவேண்டாம் என்று மூன்று மொழியில் பலகை,
மூன்றும் வாசிக்கத் தெரியாத இருபத்திரண்டு பேர்.
நடுவில், மேசைமேல்,
திமிங்கிலத்தின் முள்ளந்தண்டில் ஒரேயொரு துண்டு.
"ஆர் இருந்த கதிரை இது?"
கதிரையில்லை தர்ணிகா.
இதே சாமான் உனக்குள்ளும் இருக்கு,
முன்னுக்கு நிக்கிற ஆளின்ர முதுகைத் தடவிப் பார்.
கூச்சத்தில் நெளிந்து நெளிந்து எண்ணினார்கள்.
ஏழு, பதினொன்று, நூறு.
காவலுக்கு நின்ற கடற்படைக்காரரும்
ஆரும் பார்க்காத மாதிரி
கையைப் பின்னால் வளைத்துத் தன்னுடையதைத் தேடினார்.

நான் கொண்டுபோனது நீல நைலோன் கயிறு,
இருபத்தைந்து மீட்டர்,
வலைக்கடையில் வாங்கிய பற்றுச்சீட்டு இணைத்துள்ளேன்.
ஒரு நுனியை மேசைக்காலில் கட்டி இழுக்க இழுக்க
கூடம் முடிந்தது, விறாந்தை முடிந்தது,
படி இறங்கி வேப்பமரத்தடிக்குப் போனது.
அங்கே ஒரு மான் அதை மணந்து பார்த்தது.
இவ்வளவும் ஒராள், என்றேன்.
ஒருவரும் நம்பவில்லை.

படுத்துப் பார்ப்பம், என்றாள் ஷிமாறா.

தலையாக மிதுர்ஷன், காலையில் பட்ட வெட்கத்துக்கு ஈடாக.
அவன் காலுக்கு இன்னொரு தலை,
அந்தக் காலுக்கு இன்னொன்று,
படிகளில் மடிந்து மடிந்து இருபத்திரண்டு பேர்.
காணாது.
சேலையைச் செருகிக்கொண்டு நானும் படுத்தேன்.
அப்போதும் ஒரு முழம் குறைந்தது.
கடற்படைக்காரர் தொப்பியைக் கழற்றி வைத்தார்,
என் காலடியில் குந்தினார்,
இரண்டு கையையும் தரையோடு தரையாக விரித்தார்.
"மீன் வால் மாதிரி நிமித்தியில்லை," என்றார்
தனக்குத் தெரிந்த தமிழில்.
"நான் கண்டது, கப்பல்ல இருந்து. இப்பிடித்தான். படுத்த வால்."

அது எனக்குத் தெரியாது.

தலைப்பக்கமிருந்து மிதுர்ஷன் கத்தினான்,
மூச்சு விடலாமா?
மேல போய்த்தான் விடோணும், என்றேன்.
எல்லாரும் அடக்கினார்கள்.
கூடத்தில், விறாந்தையில், படியில், மரத்தடியில்
ஒரு பெரிய சீவன் அசையாமல் கிடந்தது.
தூரத்தில் ஓட்டோ ஒன்று போன சத்தம்.
பிறகு ஆரோ சிரித்துத் தொலைக்க
முழுத் திமிங்கிலமும் உடைந்து எழும்பிற்று.

ஏழாம் நிரல்:
இடம் போதாது. கயிறு இணைப்பில் உள்ளது.
மான் கடித்த இடம் கொஞ்சம் பிய்ந்திருக்கும்.